கஞ்சிக் கலயத்தோடு வந்த ஆறுதல்

ஜனவரி மாதம் 16ஆம் நாள் எமது ஆலயங்களில் புனித யோசேவ் வாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். இலங்கையின் அப்போஸ்தலர் என்று அவரைப் போற்றுகிறோம். பீடத்தின் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும் அவரது சுரூபத்தை அண்ணாந்து பார்க்கும்போது, களைப்பும் கலக்கமும் அறியாத ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது. அவரும் நோயில் விழுந்தவர், பசித்திருந்தவர், அடுத்த நாள் என்ன ஆகுமோ என்று தெரியாமல் இரவுகளைக் கழித்தவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்திருக்கும் உங்களிலும் பலர் அப்படியான கலக்கத்தோடு இருப்பீர்கள். கட்டி முடியாத கடன், வைத்தியசாலையில் கிடக்கும் உறவினர், வெளிநாடு போன மகனிடமிருந்து வராத செய்தி, கலியாணம் பேசி முடியாத மகள், வீட்டுக்குள் நிலவும் மனத்தாங்கல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சுமை உண்டு. எவ்வளவு செபித்தும் இறைவன் பேசாமல் இருக்கிறாரே என்று வருந்துவோரைக் குருக்களாகிய நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுக்குச் சொல்லக்கூடிய மறுமொழி ஒன்று இந்தப் புனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. ஆகையால் இவ்வாரம் அவர் செய்த புதுமைகளை மட்டும் சொல்லாமல், அவர் நடந்த வழியில் அவரைச் சந்தித்த சாதாரண மனிதரைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன். இறைவன் அவரோடு பேசியது பெரும்பாலும் அவர்கள் மூலமாகத்தான்.

கோவாவில் ஒரு குரு

யோசேவ் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரில், தாயின் வீட்டில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. பெற்றோர் கொங்கணி பேசும் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். சங்கோலேயில் போர்த்துக்கேய மொழியும் பெனவுலிமில் இலத்தீனும் கற்றார். பின்னர் கோவா நகரில் உயர்கல்வி பெற்று, 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். அதன்பின் ஏழைகளைப் போல வெறுங்காலுடனே நடக்கத் தொடங்கினார். தேவதாயிடம் அவருக்கிருந்த பக்தி ஆழமானது. 1677இல், தம்மை மரியன்னையின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார்.

அந்நாட்களில் இலங்கையின் நிலை என்ன? போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிவிட்டார்கள். கல்வீனிய மதத்தவரான அவர்கள் கத்தோலிக்க குருக்களை நாட்டைவிட்டு அகற்றினார்கள். குருவானவர் ஒருவருக்கு மறைவிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் செய்தார்கள். கோவில்கள் அவர்களுடைய பிரசங்கசாலைகளாயின. திருப்பலியுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை, இறப்பவர்களுக்கு அவஸ்தைபூசுதலுமில்லை. ஆனாலும் வீடுகளுக்குள் பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள்.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. இளங்குருவான யோசேவ் வாஸின் மனம் அன்றிலிருந்து இலங்கையிலேயே இருந்தது. ஆனால் மேலதிகாரிகள் அவரை 1681இல் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். விரும்பிய இடம் ஒன்று, கிடைத்த இடம் இன்னொன்று. அவர் முணுமுணுக்காமல் போய், மூன்று ஆண்டுகள் அங்கே சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடித் திரிந்து பணிசெய்தார். 1685இல் கோவாவில் சில குருக்களோடு சேர்ந்து ஒறற்றோரியன் சபையின் வாழ்க்கை முறையைத் தழுவினார். அச்சபைக்கு அவரே தலைவரானார். தலைவராக இருந்து இளைப்பாறியிருக்கலாம். ஆனால் 1686இல் அப்பொறுப்பைவிட்டு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். அவருடன் வந்தவர்களுள் யோன் என்னும் பணியாள் ஒருவரும் இருந்தார். இந்த யோனை மறந்துவிடாதீர்கள், வாசகரே. இவ்வரலாற்றில் அவருக்கும் ஓரிடம் உண்டு.

கூலியாளாக வந்தவர்

தூத்துக்குடிவரை வந்த அடிகளார், குருவாக இலங்கைக்குள் கால்வைக்க முடியாது என்பதை உணர்ந்தார். ஆகவே அங்கியைக் களைந்துவிட்டு, இடையில் ஒரு துண்டுடன், கூலியாளைப்போல 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாட்களில் படகேறினார். அமைதியான கடற்பயணமாக அது அமையவில்லை. காற்றிலும் அலையிலும் படகு அலைக்கழிந்தது. உணவும் தண்ணீரும் போதவில்லை. மன்னார்க் கரையில் ஒதுங்கி, பின்னர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் கடும் வயிற்றுளைவு நோயினால் எழுந்து நிற்கவும் வலுவற்றவராயிருந்தார். யோனும் சேர்ந்து நோயுற்றார்.

இந்தக் காட்சியை ஒருகணம் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஒரு நாட்டின் விசுவாசத்தையே மீட்டெடுக்க வந்த குருவானவர், ஒரு ஆத்துமத்தையும் சந்திக்கும் முன்னரே நிலத்தில் விழுந்து கிடக்கிறார். தெரிந்தவர் ஒருவருமில்லை. தாம் யார் என்று சொன்னால் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் தொற்றுநோய் பிடித்த பிச்சைக்காரன் என்று மக்கள் விலகிப் போவார்கள். பத்து ஆண்டுகளாகக் காத்திருந்த ஆசைக்குக் கிடைத்த பலன் இதுதானா? அவரது உள்ளத்தில் அப்போது என்ன எழுந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் செபித்தும் பதில் கிடைக்காத நிலை என்று நீங்கள் சொல்வீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

பதில் எப்படி வந்தது? வானத்திலிருந்து சம்மனசு இறங்கவில்லை. ஒரு பெண்மணி கஞ்சி கொண்டு வந்தாள்.

அவ்வளவுதான். பெயர் அறியப்படாத, இளகிய மனமுடைய ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி, இருவர் நோயில் கிடப்பதைக் கண்டு இரங்கிக் கஞ்சி கொடுத்தாள். அவர் ஒரு குருவானவர் என்று அவளுக்குத் தெரியாது. தன் கையிலிருக்கும் கஞ்சியிலேதான் வட இலங்கைத் திருச்சபையின் வருங்காலம் தங்கியிருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாது. பசித்தவனுக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கஞ்சியின் பலத்தில் அடிகளார் எழுந்து நின்றார்.

பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியை நாம் அறிவோம். அவருக்கும் முதலில் கிடைத்தது உபதேசமல்ல, ஓர் அப்பமும் ஒரு குவளைத் தண்ணீருமே. சோர்ந்து போனவனுக்கு முதலில் உணவு வேண்டும், அருகில் ஒரு மனிதர் வேண்டும் என்பதை இறைவன் நன்கு அறிந்திருக்கிறார். அறியாதிருப்பவர்கள் நாங்கள்தான். பெரிய அடையாளம் ஒன்றை எதிர்பார்த்து வானத்தை நோக்கிக்கொண்டே, பக்கத்தில் வைக்கப்பட்ட கலயத்தைக் காணத் தவறிவிடுகிறோம்.

கழுத்திலே செபமாலை

உடல் தேறியதும் அடிகளாருக்கு அடுத்த சிக்கல் எழுந்தது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிப்பார்வைக்கு எல்லோரும் ஒல்லாந்தரின் கோவிலுக்குப் போகிறவர்களாகவே இருந்தார்கள். யாரையும் கேட்கவும் முடியாது, காட்டிக் கொடுக்கப்படலாம். அப்போது அவர் ஒரு வழி கண்டார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சை கேட்பவராக வீடு வீடாகப் போனார். கொடுப்பவர்களின் கண் செபமாலையின்மேல் எப்படி விழுகிறது என்பதையே அவர் கவனித்தார்.

இதிலே எவ்வளவு ஆபத்து இருந்தது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். அதைக் கண்டு யாரும் அதிகாரியிடம் ஓடியிருக்கலாம். மறுபுறத்தில், படலைக்கு உள்ளே நின்றவர்களுக்கும் அதே பயம் இருந்தது. இவன் உளவாளியாக இருப்பானோ, செபமாலையைக் காட்டி எம்மைப் பிடிக்க வந்தவனோ என்ற ஐயம் அவர்களுக்கும் வந்திருக்கும். இரு பக்கத்திலும் பயம் இருக்க, நடுவில் அந்தச் செபமாலை தொங்கியது. ஈற்றில் ஒரு கத்தோலிக்க வீட்டார் துணிந்து அவரை உள்ளே அழைத்து விசாரித்தார்கள். ஒருவரையொருவர் நன்கு அறிந்துகொண்ட பின்னரே, தாம் குருவானவர் என்பதை அவர் வெளிப்படுத்தினார்.

1658ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 29 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை வளர்ந்து, கலியாணம் செய்து, பிள்ளை பெற்றிருக்கக்கூடிய காலம். அவ்வளவு காலத்துக்குப்பின் ஒரு வீட்டின் உட்புறத்தில், விளக்கொளியில், கதவுகளை அடைத்துக்கொண்டு திருப்பலி நடக்கிறது. அந்த வீட்டாரின் மகிழ்ச்சியைப்பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம். அடிகளாரின் மகிழ்ச்சியைப் பற்றியும் பேச வேண்டும். குருவில்லாத நாட்டில் விசுவாசம் செத்துப் போயிருக்கும் என்று அஞ்சி வந்தவர், அது அடுப்புச் சாம்பலுக்குள் தணல்போல உயிரோடு இருப்பதைக் கண்டார். அவர் விசுவாசத்தைக் கொண்டுவந்தார் என்பது உண்மை. அதை இங்கே கண்டுகொண்டார் என்பதும் உண்மை. தாய்மாரும் பாட்டிமாரும் இரகசியமாகக் காத்து வைத்திருந்த செபங்கள் அவருக்கே தைரியம் அளித்திருக்கும்.

சில்லாலையும் அதன் விலையும்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் நெடுநாள் தங்குவது பாதுகாப்பல்ல என்று கண்டு, அடிகளார் சில்லாலையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அந்த ஊர் மக்கள் கத்தோலிக்க மறையில் அசையாத உறுதி கொண்டவர்கள். அவர்களுடைய உறுதியைக் கண்டு அவ்வூரைப் பாப்புவின் சில்லாலை என்று மற்றையோர் அழைத்ததாகச் சொல்வர். அங்கே மறைந்திருந்துகொண்டு, இரவு நேரங்களில் சுற்றுப்புற ஊர்களுக்குப் போய்த் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், பாவசங்கீர்த்தனம் கேட்பதும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், விடியுமுன் திரும்புவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஓர் ஊர் முழுவதும் ஒரு இரகசியத்தைக் காத்தது. நூற்றுக்கணக்கான பேருக்குத் தெரிந்த ஒரு செய்தி, அரசாங்கத்தின் காதுக்கு இலகுவில் எட்டவில்லை.

ஆனால், வாசகரே, இந்த வரலாற்றில் இனிமையானதை மட்டும் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டால் உங்களை ஏமாற்றியவனாவேன். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் திருப்பலிக்காகக் கூடியிருந்த வேளையில் ஒல்லாந்தப் போர்வீரர் திடீரென்று புகுந்தார்கள். சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். அடிகளார் அவர்களின் கையில் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் முதன்மையான எட்டுப் பேரைத் தனியாகப் பிரித்துக் கொடுமையாகச் சவுக்காலடித்தார்கள். அவர்களுள் ஒருவர் கல்வீனிய மதத்திலிருந்து கத்தோலிக்கராக மாறியவர். அவர் அந்த அடியினாலேயே உயிர்விட்டார். மற்றவர்கள் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

தேடப்பட்டவர் அடிகளார், அடிபட்டவர்கள் அவருக்கு இடங்கொடுத்தவர்கள். இது அவரது நெஞ்சில் எவ்வளவு பெரிய பாரமாக இருந்திருக்கும்! நான் வராதிருந்தால் இவர்கள் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்களே என்ற எண்ணம் யாருக்குத்தான் எழாது? மற்றவர்களுக்குச் சுமையாகிவிட்டோமே என்று மனம் நொந்து படுக்கையில் கிடக்கும் நோயாளிகளும் முதியவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாரம் நன்றாகப் புரியும். தன் பொருட்டுப் பிறர் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு வாழ்வது, தானே துன்பப்படுவதிலும் கடினம்.

அடிகளார் என்ன செய்தார்? அந்த அன்பை வீணாக்காதிருந்தார். மனமுடைந்து கோவாவுக்குத் திரும்பவில்லை. ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபடியால், தம்மை வைத்திருப்போருக்கு மேலும் ஆபத்து வராதவாறு 1690இல் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். அங்கேயும் நீண்ட காலமாகக் குருவைக் காணாத கத்தோலிக்கர் பலர் இருந்தனர். தமக்காக அடிபட்டவர்களுக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் தொடர்ந்து உழைப்பதே. பிறர் எமக்காகப் பட்ட பாட்டிற்குக் கைம்மாறாக நாம் செய்யக்கூடியதும் அதுதான்.

சிறைக்குள்ளே ஒரு கோவில்

1692இல் அடிகளார் தலைநகரான கண்டிக்குப் பயணமானார். புத்தளத்தில் அவருக்கு அறிமுகமான அந்தோனியோ சொத்தமயோர் என்னும் வர்த்தகர் அந்தப் பயணத்துக்கு வழி செய்து கொடுத்தார். ஆனால் இவர்கள் வருவதை முன்கூட்டியே அறிந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், கல்வீனிய மதத்தவர், அடிகளாரைப் போர்த்துக்கேயரின் உளவாளி என்று அரசனிடம் குற்றஞ்சாட்டினார். கண்டியை ஆண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அதை நம்பினான். அடிகளாரும் யோனும் சொத்தமயோரும் காவலில் வைக்கப்பட்டார்கள்.

வழிகாட்ட வந்த வர்த்தகரும் சிறையில், பணிசெய்ய வந்த யோனும் சிறையில். யாழ்ப்பாணத்தில் அடிகளாரோடு நோயில் கிடந்த யோன், இங்கே அவரோடு கைதியாகவும் இருந்தார். யோன் பிரசங்கம் செய்யவில்லை, நூல் எழுதவில்லை. உடனிருந்தார். துன்ப நேரத்தில் நண்பர்கள் எமக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி எது என்று கேட்டால், யோன் செய்ததுதான் என்று சொல்வேன். யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். அவர்கள் வாய் திறவாமல் ஏழு நாள் அவரோடு நிலத்தில் அமர்ந்திருந்தவரை நன்றாகவே செய்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவரைப் புண்படுத்தினார்கள்.

சிறை என்றதும் கை கட்டிச் சும்மா இருக்கவில்லை அடிகளார். அங்கே அவர் சிங்கள மொழியைக் கற்றார். தப்பியோட முயலாத இந்தக் கைதிகளின் நடத்தையைக் கண்ட காவலர்கள் நாளடைவில் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். அதைப் பயன்படுத்திக் காவலிடத்திலேயே ஒரு கொட்டில் போட்டுக் கோவிலாக்கினார். கண்டியில் வாழ்ந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அதைத் தேடி வரலாயினர். சுதந்திரமாக நடந்து திரிந்தபோது அடைய முடியாத தலைநகரத்துக்கு, ஒரு கைதியாகக் கொண்டுபோகப்பட்டதால் அவர் குருவானார்.

1693இல் நாட்டில் கொடிய வரட்சி உண்டானது. பௌத்த பிக்குமார் மழை வேண்டிப் பிரார்த்தனைகள் செய்தபின், அடிகளாரையும் செபிக்கும்படி மன்னன் கேட்டான். அவர் வெளியிடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நிறுத்தி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை பொழிந்தது. சுற்றிலும் மழை கொட்டியபோதும் அவரும் பீடமும் நனையவில்லை என்று அவரது வரலாறு கூறுகிறது. அதன்பின் நாட்டின் எப்பாகத்திலும் போதிக்கும் உரிமையை மன்னன் அவருக்கு அளித்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கத்தோலிக்க மறைக்குப் பாதுகாப்புக் கொடுத்தவன் ஒரு பௌத்த அரசன். அவரைக் காட்டிக்கொடுத்தவரோ கிறிஸ்துவின் பெயரைச் சொல்பவர். இறைவன் எமக்கு ஆறுதல் அனுப்பும்போது, அதைக் கொண்டு வருபவர் எந்த இனம், எந்த மதம் என்று பார்த்து அனுப்புவதில்லை. நெருக்கடியான காலங்களில் எமக்குத் தண்ணீர் தந்தவர்களையும், வண்டியில் இடம் கொடுத்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் எமது கோவிலுக்கு வருபவர்கள்?

வாங்கிய கஞ்சியைத் திருப்பிக் கொடுத்தல்

1697இல் கண்டி நகரில் வைசூரி நோய் பரவியது. அரண்மனையார் நகரைவிட்டு விலகினார்கள். வசதியுள்ளவர்கள் ஓடிப்போனார்கள். நோய் கண்டவர்களைப் பெற்றவர்களும் பிள்ளைகளுமே கைவிட்டுக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடிகளார் ஓடவில்லை. கோவாவிலிருந்து அண்மையில் வந்திருந்த தம் மருமகன் யோசேவ் கர்வாலியோ அடிகளாரையும் சேர்த்துக்கொண்டு, கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய் எடுத்து, கொட்டில்கள் போட்டு வைத்து, புண் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கர், பௌத்தர் என்ற பேதம் அவர் பார்க்கவில்லை. இவ்விரு குருக்களும் இல்லாதிருந்தால் நகரின் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று மன்னனே ஏற்றுக்கொண்டான்.

இதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்குமுன் யாழ்ப்பாணத்து மண்ணில் தொற்றுநோயாளியாகக் கிடந்தவர் யார்? அவரே அல்லவா? தாம் கிடந்த நிலையில் பிறர் கிடக்கக் கண்டபோது, அந்தப் பெண்மணி தமக்குச் செய்ததை அவர் ஆயிரம் மடங்காகச் செய்தார். அவளது வீட்டு வாசலுக்குத் திரும்பிப்போய் நன்றி சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் மகிழ்ந்திருப்பாள். ஆனால் கண்டியில் ஒவ்வொரு நோயாளியின் வாயிலும் அவர் ஊட்டிய கஞ்சி அதனிலும் மேலான நன்றி. கிடைத்த ஆறுதல் எம்மோடு நின்றுவிட வேண்டியதில்லை, அது இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும்.

அதன்பின் அவர் நாட்டின் பல பாகங்களுக்கும் வெறுங்காலோடு நடந்து திரிந்தார். ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளுக்குள்ளும் மாறுவேடத்தில் போய்வந்தார். கோவாவிலிருந்து அவரது சபைக் குருக்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி எமக்குத் தனியான கத்தோலிக்க இலக்கியத்தையே உண்டாக்கித் தந்தார். வாஸ் அடிகளாரை ஆயராக்கும் யோசனை எழுந்தபோது அவர் அதற்கு இணங்கவில்லை. 1710இல் மேற்கொண்ட பயணத்தில் நோயுற்ற அவர், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் தமது 59ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். நோயாளியாக வந்திறங்கிய இந்த நாட்டைவிட்டு, ஏறக்குறைய 24 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை.

1995ஆம் ஆண்டு ஜனவரி 21இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அன்று பிற்பகல் பாப்பரசர் மடுத் திருப்பதிக்கும் வந்து, பல ஆண்டுப் போரினால் வருந்திய மக்களோடு சேர்ந்து செபித்தார். அங்கே கூடியிருந்த உங்களில் பலருக்கு அந்நாள் மறக்க முடியாதது.

இனி நாம் என்ன செய்வோம்?

அன்பார்ந்த வாசகரே, இந்த வரலாற்றைப் படித்தபின் உங்கள் கடன் குறைந்துவிடாது. உங்கள் நோய் இன்றிரவே தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். கஞ்சி குடித்து எழுந்த அடிகளாருக்கும் அதன்பின் துன்பம் நின்றுவிடவில்லை. தேடுதலும் சிறையும் வைசூரியும் இனித்தான் வரவிருந்தன. ஆனால் ஒவ்வொரு துன்பத்திலும் அன்றன்றைக்குப் போதுமான ஒருவரை இறைவன் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஒரு பெண்மணி. இன்னொருநாள் கதவைத் திறந்த ஒரு வீட்டார். பின்னர் ஓர் ஊர், ஒரு வர்த்தகர், ஓர் அரசன். எந்நாளும் யோன். இருபத்துநான்கு ஆண்டுக்கும் வேண்டிய பலத்தை ஒரே நாளில் அவருக்குக் கொடுக்கவில்லை. அன்றாட அப்பத்தையே நாமும் கேட்கும்படி ஆண்டவர் கற்பித்திருக்கிறார்.

ஆகவே இவ்வாரம் இரண்டு காரியங்களை உங்களிடம் வேண்டுகிறேன். முதலாவது, கஞ்சி கொண்டு வந்தவரைக் கண்டுகொள்ளுங்கள். பேருந்தில் எழும்பி இடம் தந்த பிள்ளை, வைத்தியசாலை வரிசையில் உங்கள் துண்டை வாங்கிப் பதிந்து கொடுத்தவர், சுகம் விசாரிக்க வந்து அரைமணி நேரம் விறாந்தையில் இருந்துவிட்டுப் போன அயலவர் என்று யாரோ ஒருவர் இந்நாட்களில் உங்களிடம் வந்திருப்பார். அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள். கொடுப்பதை வாங்குவதற்கு வெட்கப்படவும் வேண்டாம். ஒரு புனிதரே பெயர் தெரியாத ஒருத்தியின் கையிலிருந்து வாங்கிக் குடித்திருக்கிறார்.

இரண்டாவது, உங்கள் படலையில் நிற்பவரைப் பாருங்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அந்தப் பெண்மணிக்கும் தெரியாது. உங்களுக்கே மனக்கவலை நிறைய இருக்கலாம். அவளுக்கும் அக்காலத்தில் கவலை இல்லாமலிருந்திருக்குமா? தன் கவலைகள் எல்லாம் தீர்ந்தபின் கஞ்சி காய்ச்சலாம் என்று அவள் இருந்திருந்தால், இந்தத் திருநாளை இன்று நாம் கொண்டாடியிருப்போமோ தெரியாது.

இன்று மாலை வீட்டில் செபமாலை சொல்லும்போது, கடந்த வாரத்தில் உங்களுக்கு ஆறுதலாயிருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரு பத்து மணியை அவருக்காக ஒப்புக்கொடுங்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு பெயர் சொல்லட்டும். பெயர் தெரியாதவராயின், உதவியை மட்டும் சொன்னாலும் போதும். இறைவனுக்கு அவரது பெயர் தெரியும்.